குறைத்து உண்ணும் நெறி: சமண நூல்களும் இன்றைய உடல் எடையும்

திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. பொருட்பாலில் 95-ஆவது அதிகாரம். தலைப்பைப் பார்த்துவிட்டுச் சூரணம், லேகியம் என்று தேடிப் போனால் ஒன்றும் கிடைக்காது. பத்துக் குறளில் ஆறு குறள் சாப்பாட்டைப் பற்றியே பேசுகின்றன. முன்னே உண்டது செரித்ததா என்று பார், நன்றாகப் பசித்த பின் உண், அளவறிந்து உண், உடம்புக்கு ஒவ்வாததைத் தள்ளு, இதுதான் அவற்றின் சாரம். வள்ளுவர் சமணரா இல்லையா என்ற பழைய வழக்கை நான் இங்கே எடுக்கப் போவதில்லை. எந்தச் சமயத்தார் படித்தாலும் மறுக்க முடியாத செய்தி அது.

பதினெண்கீழ்க்கணக்கில் ஏலாதி, சிறுபஞ்சமூலம் என்ற இரண்டு நூல்கள் உண்டு. இரண்டையும் இயற்றியவர்கள் சமணர்கள். இரண்டுமே மருந்தின் பெயரைத் தாங்கிய அறநூல்கள். உடம்புக்கு மருந்து எப்படியோ, மனதுக்கு அறம் அப்படி என்பது அவர்கள் கருத்து. ஆக, நோயும் ஒழுக்கமும் ஒரே பேச்சில் வருவது நம் தமிழ் மரபுக்குப் புதிதல்ல.

ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. அளவோடு சாப்பிடு என்று சொல்லாத நூல் உலகத்தில் இல்லை. இன்றைக்கு டாக்டரும் அதைத்தான் சொல்றாங்க. கேட்டுக்கிட்டு வெளியே வந்ததும் ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒரு வடாபாவ். சொன்னது புரியாமல் இல்லை, பழக்கம் விடவில்லை. பழக்கத்தை விடுவது எப்படி என்ற வழிமுறையை யாராவது வகுத்துச் சொல்லியிருக்கிறார்களா? இந்தக் கேள்வியோடு எங்கள் சமண இல்லற நூல்களைத் திரும்பப் புரட்டியபோது கிடைத்த சில செய்திகளையே இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறேன். நான் பட்டம் பெற்ற புலவன் அல்ல. வந்தவாசிப் பக்கம் பிறந்து, மும்பையில் முப்பத்தெட்டு வருஷமாக மளிகைக் கடை வைத்திருப்பவன். கடை சாத்திய பிறகு படித்ததுதான் என் படிப்பு.

நால்வகை உணவு

சமந்தபத்திர ஆசாரியர் வடமொழியில் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் என்ற நூல் இல்லறத்தாருக்கான ஒழுக்கங்களைச் சொல்வது. அவரைக் காஞ்சிபுரத்தோடு தொடர்புபடுத்திப் பேசுவது எங்கள் மரபு. அந்த நூலின் வழியில் தமிழில் எழுந்ததுதான் அருங்கலச்செப்பு. தமிழ்ச் சமணர் வீடுகளில் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்துவந்த நூல்.

இந்த மரபில் உணவை நான்காகப் பிரிக்கிறார்கள்: உண்பன, தின்பன, நக்குவன, பருகுவன. சோறு குழம்பு உண்பன. பலகாரமும் பண்டமும் தின்பன. நக்கிச் சுவைக்கும் பாகு, ரபடி போன்றவை நக்குவன. பால், பானகம் முதலியவை பருகுவன. உபவாசம் என்றால் இந்த நான்கையும் விட வேண்டும். சோற்றை மட்டும் விட்டுவிட்டுக் காபியும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டால் அது உபவாசக் கணக்கில் சேராது.

வணிகனாகிய எனக்கு இந்தப் பிரிவினை மிகவும் பிடித்தது, ஏனென்றால் இது நாலு பேரேடு வைத்துக் கணக்கு எழுதுகிற முறை. நம்மில் பலர் எடை கூடிவிட்டது என்று தெரிந்ததும் முதலில் கை வைப்பது உண்பன என்ற பேரேட்டில். "ராத்திரி சோத்தை நிறுத்திட்டேன், ரெண்டே ரெண்டு சப்பாத்திதான்" என்பார்கள். ஆனால் செலவு ஓடிக்கொண்டிருப்பது தின்பன, பருகுவன என்ற இரண்டு பேரேடுகளில். கடைக்கு வரும் மாதச் சீட்டைப் பார்த்தாலே இது தெரியும். நான் கடை தொடங்கிய காலத்தில் சீட்டில் முதல் வரி இட்லி அரிசி, இரண்டாவது உளுந்து, மூன்றாவது துவரம்பருப்பு. இன்றைக்கு அரிசி பாதியாகிவிட்டது. பிஸ்கட், நூடுல்ஸ், சிப்ஸ், ஃபர்சாண், பாட்டில் ஜூஸ் இவைதான் சீட்டை நீளமாக்குகின்றன. சாப்பாடு குறைந்தும் இடுப்பு ஏன் குறையவில்லை என்று கேட்பவர்கள் ஒரு வாரம் நாலு தலைப்பிலும் எழுதிப் பார்க்கட்டும்.

முப்பத்திரண்டு கவளம்

சமண நூல்கள் புறத்தவம் என்று ஆறு சொல்கின்றன. முதலாவது அனசனம், அதாவது உண்ணாதிருத்தல். இரண்டாவது அவமோதரியம், அதாவது வயிறு நிரம்புமுன் நிறுத்துதல். மூன்றாவது பிட்சைக்குப் போகுமுன் இன்ன விதமாகக் கிடைத்தால்தான் ஏற்பேன் என்று வரையறை செய்துகொள்ளுதல். நான்காவது ரசபரித்தியாகம், சுவையை விடுதல். மற்ற இரண்டும் தனித்திருத்தலும் உடலை வருத்திப் பழக்குதலும். ஆறில் நான்கு உணவைப் பற்றியவை என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

இவற்றில் இரண்டாவதைப் பற்றி மூலாசாரம் என்னும் பழைய நூல் ஒரு கணக்கே சொல்கிறது. ஓர் ஆணின் முழு உணவு முப்பத்திரண்டு கவளம். அதில் ஒரு கவளம் குறைத்து முப்பத்தொன்றில் எழுந்துவிட்டாலும் அது தவம்தான். முப்பது, இருபத்தொன்பது என்று ஒரே ஒரு கவளம் வரை இறங்கலாம். பெண்ணுக்கு இருபத்தெட்டு கவளம் என்ற கணக்கும் வழங்குகிறது.

முதல் நாளே பாதி வயிறு என்று இந்த நூல் சொல்லவில்லை பாருங்க. ஒரு கவளம் குறைத்தவனும் தவம் செய்தவனே என்று ஏற்றுக்கொள்கிறது. திங்கட்கிழமை பட்டினி தொடங்கி வியாழக்கிழமை விருந்தில் முடிக்கிற நம்மவர்களுக்கு இந்த ஒரு படி போதும்.

நான்காவதான சுவை விடுதலில் பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு என்ற ஆறும் வருகின்றன. ஒரேயடியாக எல்லாவற்றையும் விடச் சொல்லவில்லை. ஒன்றோ இரண்டோ அவரவர் சக்திக்கு ஏற்ப விடலாம். வடநாட்டுத் திகம்பர குடும்பங்களில் கிழமைக்கு ஒன்று என்று முறை வைத்து விடுகிற வழக்கம் இன்றும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை உப்பு, சனிக்கிழமை எண்ணெய் என்று போகும் அந்த வரிசை.

பொழுதோடு சாப்பிடுவது

எங்கள் ஊரில் தமிழ்ச் சமணர் வீடு என்பதற்கு அடையாளமே விளக்கு வைக்குமுன் அடுப்பு அணைவதுதான். சமந்தபத்திரர் இல்லறத்தார் ஏறும் பதினொரு படிகளில் ஆறாவது படியாக இரவு உணவை விடுவதை வைக்கிறார். நால்வகை உணவும் இரவில் கூடாது. காரணம் உயிர்களிடத்தில் இரக்கம். விளக்கொளியில் விழும் பூச்சி புழுக்களுக்குத் தீங்கு நேரக் கூடாது என்பதே நோக்கம்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், சமீப காலமாக எங்கள் கூட்டங்களில் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. "இன்சுலின் ரகசியத்தை நம்ம முனிவர்கள் அன்றைக்கே கண்டுபிடிச்சுட்டாங்க" என்று மேடையில் முழங்குகிறார்கள். அப்படிச் சொல்வது முனிவர்களுக்கும் பெருமையல்ல, விஞ்ஞானத்துக்கும் நியாயமல்ல. அவர்கள் அகிம்சைக்காகச் செய்தார்கள். உடம்புக்கு நன்மை கிடைக்கிறதா என்பது தனிக் கேள்வி. அதை ஆராய்ச்சிதான் சொல்ல வேண்டும்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது? 2018-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த எட்டு ஆண்களுக்கு ஐந்து வாரம், நாளின் உணவு முழுவதையும் ஆறு மணி நேரத்துக்குள், பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே முடிக்கும்படி கொடுத்தார்கள். எடை குறையாதபடி பார்த்துக்கொண்டும் இன்சுலின் வேலை செய்யும் திறனும் ரத்த அழுத்தமும் சீர்பட்டன. எட்டே பேர் என்பதை மறக்கக் கூடாது. 2022-இல் சீனாவில் 139 பேரை வைத்து ஓராண்டு நடந்த சோதனையில் இரண்டு பிரிவாருக்கும் உணவின் அளவைக் குறைத்தார்கள். ஒரு பிரிவார் மட்டும் காலை எட்டு முதல் மாலை நாலுக்குள் சாப்பிட்டார்கள். அவர்களுக்குச் சராசரியாக 8 கிலோவும், மற்றவர்களுக்கு 6.3 கிலோவும் குறைந்தது. இந்த வேறுபாடு உறுதியானதல்ல என்றே ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். அதாவது எடையைப் பொறுத்தவரை கடிகாரத்தைவிட அளவே பெரிது. முப்பத்திரண்டு கவளத்தையும் மாலை ஐந்தரைக்கே முடித்து, மேலே நாலு ஜிலேபியும் போட்டுக்கொண்டால் சூரியன் வந்து காப்பாற்றாது. எங்கள் கல்யாணப் பந்திகளில் இந்தக் காட்சியைத் தாராளமாகக் காணலாம்.

ஆனாலும் மும்பை வாழ்க்கையில் பொழுதோடு சாப்பிடுவதற்கு வேறொரு பயன் இருக்கிறது. லோக்கல் ரயிலில் தொங்கி வீடு சேர எட்டரை ஆகிறது. ஆறு மணிக்குப் பசித்தவர் ஸ்டேஷன் வாசலில் தின்பனவற்றில் ஒரு சுற்று முடித்து, வீட்டில் பத்து மணிக்கு உண்பனவற்றில் ஒரு சுற்று தொடங்குகிறார். ஆறு மணிப் பசிக்கு வீட்டுச் சாப்பாட்டை டப்பாவில் எடுத்துப் போய்விட்டால் இரண்டில் ஒரு சுற்று மிச்சம். இரவில் மோரோ பாலோ போதும்.

எப்படி உட்கார்ந்து உண்பது என்பதற்கும் நம்மிடம் நூல் இருக்கிறது. ஆசாரக்கோவை சமண நூல் அல்ல. பெருவாயின் முள்ளியார் இயற்றியது. நின்றுகொண்டும் படுத்துக்கொண்டும் கட்டில் மேல் இருந்துகொண்டும் உண்ணக் கூடாது, மிகுதியாக உண்ணக் கூடாது, உண்ணும்போது வேறெதையும் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது என்று விதிக்கிறது. டி.வி.யையும் செல்போனையும் அவர் கண்டதில்லை. கண்டிருந்தாலும் விதியில் ஒரு எழுத்து மாற்ற வேண்டியிருக்காது.

காலம் குறித்த விரதம்

இனி இக்கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். போகோபபோக பரிமாணம் என்று ஒரு விரதம் இருக்கிறது. ஒரே முறை பயன்பட்டுத் தீர்ந்துபோகும் உணவு போன்றவை போகம். திரும்பத் திரும்பப் பயன்படும் உடை, படுக்கை போன்றவை உபபோகம். இரண்டுக்கும் ஓர் அளவு வைத்துக்கொள்வதே விரதம். இந்த அளவை இரண்டு விதமாக ஏற்கலாம் என்கிறார் சமந்தபத்திரர். உயிர் உள்ளவரை ஏற்பது யமம். காலம் குறித்து ஏற்பது நியமம். இன்று ஒரு நாள், ஓர் இரவு, ஒரு பட்சம், ஒரு மாதம், ஒரு பருவம், ஆறு மாதம் என்று காலப் படிகளையும் சொல்லுகிறார்.

இனிப்பே இனி வாழ்நாளில் தொடமாட்டேன் என்று புத்தாண்டில் சபதம் செய்பவர் பொங்கலுக்குள் தோற்றுப்போகிறார். தோற்றதும் மனம் விட்டுப்போகிறது. தீபாவளி வரை இனிப்பு இல்லை என்று காலம் குறித்தவர் தீபாவளியைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார். மழைக்காலத்துச் சாதுர்மாஸ்யத்தில் எங்கள் மக்கள் இப்படித்தான் ஒன்றிரண்டு பொருள்களை விடுவார்கள். தீபாவளி வரை கணக்கிட்டாலும் நூறு நாளுக்கு மேல் வரும்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்க எத்தனை நாள் ஆகிறது என்று ஆராய்ந்தார்கள். 2009-இல் வெளிவந்தது. ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. நடுமதிப்பு 66 நாள். இருபத்தொரு நாளில் பழக்கம் வந்துவிடும் என்று புத்தகக் கடைகளில் விற்பதை நம்பி நடுவில் விட்டுவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சாதுர்மாஸ்யத்தின் நீளம் பெரும்பாலானவர்களுக்குப் போதுமானது.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் கெட்டுவிடுவதில்லை. இதற்கு ஒப்பான கருத்து சமண நூல்களில் இருக்கிறது. ஒவ்வொரு விரதத்துக்கும் ஐந்து அதிசாரங்கள் சொல்லப்படுகின்றன. அதிசாரம் என்றால் வழுக்கல். விரதம் முற்றிலும் உடைவது வேறு, வழுக்குவது வேறு. வழுக்கினால் உணர்ந்து, வருந்தி, மறுநாள் தொடர வேண்டும். ஒரு கல்யாண வீட்டில் ஒரு லட்டு தின்றவர், "போச்சு, இனி எதுக்கு?" என்று முழு தட்டையும் காலி செய்வது சமண முறையில் செல்லாது.

அட்டமி, சதுர்த்தசி நோன்பிலும் ஓர் ஏற்பாடு உண்டு. நோன்புக்கு முந்தின நாள் ஒரு வேளை உணவு. நோன்பன்று நான்கும் இல்லை. மறுநாளும் ஒரு வேளைதான். பட்டினிக்கு முன்னும் பின்னும் வேலி போட்டிருக்கிறார்கள். நாளைக்குப் பட்டினி என்று இன்றைக்கு அடைத்துக்கொள்வதும், நேற்றைப் பட்டினிக்கு இன்று பழி வாங்குவதும் இதில் நடக்காது.

மற்றவர்கள் வழி

உடல் பருமன் ஒரு நோய் நிலை என்பதை ஆயுர்வேதமும் பழங்காலத்திலேயே பேசியது. சரகர் வெறுக்கத்தக்க எட்டு உடல்நிலைகளில் மிகப் பருத்த உடலையும் மிக மெலிந்த உடலையும் சேர்த்தே சொல்கிறார். பருத்தவர்க்கு வயிறு நிறைய வேண்டும், ஆனால் கொழுப்பு ஏறாத உணவாக இருக்க வேண்டும் என்பது அவர் விதி. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நம் பாட்டிமார் சொன்னதும் இந்த வழிதான்.

ஐரோப்பாவில் இந்த விஷயத்தை ஊர்ப்பேச்சாக்கியவர் ஒரு வணிகர் என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. வில்லியம் பாண்டிங் லண்டனில் இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்யும் தொழில் நடத்தியவர். அறுபத்தாறு வயதில் உயரம் ஐந்தடி ஐந்தங்குலம், எடை 202 பவுண்டு, அதாவது சுமார் 92 கிலோ. படகு வலித்தும் நடந்தும் பலனில்லை. வில்லியம் ஹார்வி என்ற மருத்துவர் சொல்படி ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றைக் குறைத்தார். ஏறக்குறைய ஒரு வருஷத்தில் 46 பவுண்டு இறங்கியது. 1863-இல் தன் அனுபவத்தைச் சிறு நூலாகத் தன் செலவிலேயே அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார். அவர் உண்ட இறைச்சியும் மதுவும் நமக்கு ஆகாதவை. ஆனால் எதை நிறுத்துவது என்று பெயர் சொல்லிப் பட்டியல் போட்டார் பாருங்கள், அது நமக்கு ஆகும். 1878-இல் எண்பத்தொரு வயதில் காலமானார்.

நம் நாட்டில் காந்தியடிகள் 1915-இல் ஹரித்துவார் கும்பமேளாவின்போது ஒரு விரதம் எடுத்தார். ஒரு நாளில் ஐந்து பொருள்களுக்கு மேல் உண்பதில்லை, இருட்டிய பின் உண்பதில்லை. இது எடைக்காக அல்ல. ஆனால் எண்ணிக்கையால் நாக்கைக் கட்டிய முறை எங்கள் பரிமாண விரதத்துக்கு மிக நெருங்கியது. அவரது குஜராத்தில் சமணச் சூழல் இருந்ததை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

அரிசி வெளுத்த கதை

அளவு ஒருபுறம் இருக்க, பொருளே மாறிப்போன வரலாறும் இருக்கிறது. 1890-களில் ஜாவா தீவில் ஐக்மான் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய வெள்ளை அரிசி தின்ற கோழிகளுக்கு பெரிபெரி போன்ற நோய் வருவதையும், தவிடு சேர்த்தால் குணமாவதையும் கண்டார். 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் நீலகிரியில் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் இதே துறையில் ஆராய்ந்தார். அந்தக் குன்னூர் ஆய்வுக்கூடமே வளர்ந்து இன்று ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. 1934-இல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் கைக்குத்தல் அரிசிக்காகப் பிரசாரம் செய்தது. அதை முன்னின்று நடத்திய ஜே.சி.குமரப்பா தஞ்சையில் பிறந்த தமிழர்.

பிரசாரம் தோற்றது, மில் அரிசி வென்றது. அரிசி வியாபாரி சொல்கிறேன், வாடிக்கையாளர் கையில் அள்ளிப் பார்ப்பது வெண்மையை. வெளுக்க வெளுக்க விலையும் கூடும். தவிட்டை நீக்கக் காசு கொடுத்து, பிறகு நார்ச்சத்துக்குத் தனியாகக் காசு கொடுக்கிறோம். புழுங்கலரிசியில் சத்து இழப்பு குறைவு. எங்கள் பக்கத்துச் சாமை, வரகு, தினை இப்போது திரும்ப வந்திருக்கின்றன. ஆனால் சாமையும் அளவுக்கு மேல் போனால் எடை ஏற்றத்தான் செய்யும்.

இன்றைய நிலை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் 2008 முதல் 2020 வரை ஒரு லட்சத்துப் பதின்மூன்றாயிரம் பேரைச் சோதித்து, 2023-இல் வெளியிட்ட முடிவின்படி நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். வயிற்றுப் பருமன் நூற்றுக்கு 39.5 பேருக்கு. ஆணுக்கு இடுப்புச் சுற்று 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்பது நம்மவர்க்கு வைத்திருக்கும் எல்லை. தையல்கார அளவு நாடா எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

ஊரை விட்டு வந்த நமக்கு ஒரு தனிச் சிக்கல். ஊர் உணவை விட மனம் வரவில்லை, வந்த ஊர் உணவும் பழகிவிட்டது. காலையில் பொங்கல், மாலையில் பாவ்பாஜி. இரண்டு ஊர்ப் பண்டிகையும் கொண்டாடுகிறோம், இரண்டு ஊர் இனிப்பும் வருகிறது. பிள்ளைகளுக்கு ஊர் நினைவாக நாம் கொடுப்பதும் முறுக்கும் அதிரசமுமாகவே இருக்கிறது. அடுப்பு எப்போது அணைந்தது, பாட்டி எப்போது எழுந்தாள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த நினைவு முழுமையாகும்.

எங்கள் பெரியவர்கள் சிலர் ஒரு மறுப்புச் சொல்லக்கூடும். "வினை தீர்க்க வந்த விரதத்தை இடுப்பு குறைக்கவா பயன்படுத்துவது?" என்று. நியாயமான கேள்வி. எடைக்காகக் கவளம் குறைப்பவர் தவம் செய்தவர் ஆகமாட்டார். அந்தப் பெயரை அவர் எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஆனால் நாக்கைக் கட்டும் வித்தையை யார் வேண்டுமானாலும் கற்கலாம். நடக்க முடிந்த உடம்பு இருந்தால்தான் ஜினாலயத்துப் படியும் ஏற முடியும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி இருக்கக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். கர்ப்பிணிகள், வளரும் பிள்ளைகள், ஏற்கெனவே மெலிந்த முதியவர்கள் ஆகியோருக்கும் நோன்பு வேண்டாம். அவர்களை விரதத்திலிருந்து விடுவிப்பதும் இரக்கம்தான்.

மற்றவர்கள் இந்த மழைக்காலத்தில் ஒன்று செய்து பார்க்கலாம். குடும்பத்தில் ஆளுக்கு ஒரு சீட்டு. நால்வகையில் எது உங்களைப் பிடித்திருக்கிறதோ அதில் ஒரே ஒரு பொருள், பெயர் சொல்லி எழுதுங்கள்: டீயோடு பிஸ்கட், பாட்டில் பானம், ராத்திரி பத்து மணிச் சோறு, எதுவானாலும் சரி. எதிரே "தீபாவளி வரை" என்று போடுங்கள். அப்பா சீட்டு எழுதாமல் பிள்ளைக்கு மட்டும் எழுத வேண்டாம். வழுக்கிய நாளுக்கு ஒரு புள்ளி வைத்துவிட்டு மறுநாள் தொடருங்கள். தீபாவளியன்று அளவு நாடாவை எடுத்துப் பார்த்துவிட்டு, அந்தச் சீட்டைக் கிழிப்பதா, அடுத்த ஆறு மாதத்துக்கு மாற்றி எழுதுவதா என்று வீட்டார் எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.